பழவேற்காட்டு அடுப்பில் கோதுமை இல்லாத ரொட்டி

‘காலையில் பிரட், அவசரத்துக்கு பன் என்று பழகிவிட்டது. இப்போது சர்க்கரை இருக்கிறது என்கிறார் டாக்டர். கோதுமை சாப்பிட்டால் வயிறும் உப்புகிறது. பிரட்டுக்குப் பதிலாக வீட்டிலேயே செய்துகொள்ள ஏதாவது இருக்கிறதா?’

நமது கேள்வி-பதில் பகுதிக்கு இந்த மாதிரிக் கடிதங்கள் இப்போதெல்லாம் அடிக்கடி வருகின்றன. எழுதுபவர்கள் நகரத்துக்காரர்கள் இல்லை. வரப்பில் நிற்கிறவர்களும், படகு ஏறுகிறவர்களும்தான். கம்பும் கேழ்வரகும் சாப்பிட்டு வளர்ந்த வீடுகளில் பிரட் எப்படி நுழைந்தது, அதை வெளியே அனுப்ப அந்த வீட்டிலேயே என்ன இருக்கிறது என்று பார்க்க, மாசி மாதத்தில் இரண்டு நாள் பழவேற்காடு போய் வந்தேன்.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தால், திருப்பாலைவனம் வழியாகப் போகிறது சாலை. சம்பா அறுவடை முடிந்த வயல்களில், நெல் தாளுக்கு நடுவே பச்சைப்பயறு தழைத்து நின்றது. இந்தப் பயறை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் காற்றில் உப்பு தெரிகிறது.

ஏரி என்று சொன்னாலும் இது உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தெற்கு ஓரம்தான் நம்முடையது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறி இறங்குகிறது. மழைக்காலத்தில் உப்பு குறைகிறது, கோடையில் ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இறாலும், மடவையும், கொடுவாவும், நண்டும் பிழைக்கின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் மீனும் போச்சு. அதைத் திறந்து வைக்கச் சொல்லி இந்த ஊர் மீனவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டு வந்தார்கள்.

வெளியூர்க்காரர்கள் பூநாரையைப் பார்க்கவும், டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்க்கவும் வருகிறார்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கே நெய்த துணி கப்பலேறிக் கிழக்குத் தீவுகளுக்குப் போனது. இப்போது கோட்டை இருந்த இடம் புதர் மேடு. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பராமரிப்பில் நன்றாக இருக்கிறது. நான் அங்கே பத்து நிமிஷம்தான் நின்றேன். எனக்கு வேலை அடுப்பங்கரையில்.

நண்டு சிங்கப்பூருக்கு, பன் நமக்கு

ஏரிக்குள் யார் எங்கே வலை போடுவது என்பதற்குப் ‘பாடு’ என்றொரு முறை இங்கே பல தலைமுறையாக இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய கிராமங்கள் இறால் பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. நம் ஊரில் ஏரிப் பாசனத்துக்கு முறைத் தண்ணீர் வைப்பதைப்போல என்று புரிந்துகொள்ளலாம். இருளர் மக்களுக்கு வலையும் வேண்டாம், படகும் வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீரில் நகர்ந்துகொண்டே கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, பிடித்ததை அதில் போடுகிறார்கள்.

கருக்கலில் கிளம்பும் ஆள் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போக முடியாது. டீக்கடையில் ஒரு டீ, ஒரு பன். பத்து மணிக்குக் கரை ஏறியதும் பசிக்கு பரோட்டா. வீட்டில் மத்தியானத்துக்கு ரேஷன் அரிசிச் சோறு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிஸ்கட். ஒரு நாள் முழுக்கப் பார்த்தால் மாவு, மாவு, மாவுதான்.

இதில் எனக்கு உறுத்தியது ஒன்று. மீனிலும் நண்டிலும் மாவுச்சத்து இல்லையென்றே சொல்லலாம். சர்க்கரைக்காரருக்கு அதைவிடத் தோதான சாப்பாடு கிடையாது. அதைப் பிடிக்கிற வீட்டில் அது தங்குவதில்லை. பெரிய சேற்று நண்டு உயிரோடு கட்டப்பட்டு சென்னைக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போய்விடுகிறது. இறாலைக் கரையிலேயே வியாபாரி எடுத்துக்கொள்கிறார். விலை போகிறதை விற்காமல் இருக்க முடியாதுதான், நெல் போடுகிறவர் சீரகச்சம்பாவை விற்றுவிட்டு ரேஷன் அரிசி பொங்குவதும் இதே கதைதான். ஆனால் விலைபோகாத மீனும், கொடுக்கு உடைந்த நண்டும்கூட வீட்டில் குழம்புக்குத் தொட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான் வருகிறது. தட்டில் சோறு மலை, மீன் மடு.

நான் போன ஒரு வீட்டில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஆயாவிடம், முன்பு காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். “இன்னா இருக்கும் நைனா, கூழுதான். ரெண்டு நெத்திலிக் கருவாடு சுட்டுக் கடிச்சிக்குவோம். பன்னு ஜுரம் வந்தாத்தான்” என்றார். ஜுரக்காரர் சாப்பாடாக இருந்த பிரட் தினச் சாப்பாடாக மாறியது இவர் கண்ணெதிரேதான்.

இரண்டு கேள்வியை ஒன்றாகக் குழப்ப வேண்டாம்

கடிதம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வேறு சங்கதிகளை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதது ஒன்று. மாவுச்சத்து அதிகமாவது இன்னொன்று.

கோதுமையிலும் பார்லியிலும் க்ளூட்டன் என்கிற பசைப்புரதம் இருக்கிறது. பரோட்டா மாவை இழுத்தால் அறுகாமல் வருகிறதே, அந்த இழுவை அதுதான். பிரட் உப்பி நிற்பதற்கும் அதுவே காரணம். ஈஸ்ட் விடுகிற காற்றை அது பலூன்போலப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சிலருடைய உடம்பு இந்தப் புரதத்தை எதிரியாக நினைத்து, தன் குடலையே தாக்குகிறது. சீலியாக் நோய் என்று பெயர். தீராத வயிற்றுப்போக்கு, இரும்புச் சத்து மாத்திரை போட்டும் சரியாகாத ரத்தசோகை, குழந்தை வளராமல் நிற்பது எல்லாம் இதன் அடையாளங்களாக இருக்கலாம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்கு மேல் இருந்த இந்த நோய், தென்னிந்தியாவில் 1,000 பேரில் ஒருவருக்குத்தான் இருந்தது. ஆக, வயிறு உப்புகிறவர்கள் எல்லோருக்கும் சீலியாக் இல்லை. சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஒன்று முக்கியம்: கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். நிறுத்திப் பல மாதம் கழித்துச் செய்தால் நோய் இருந்தாலும் தெரியாமல் போய்விடும்.

உறுதியானவர்கள் கடுகளவும் கோதுமை சேர்க்கக் கூடாது. மைதா, ரவை, சேமியா கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்க்கிறார்கள் என்பதும், மால்ட் போட்ட சத்துபானங்கள் பார்லியில் இருந்து வருகின்றன என்பதும் பலருக்குத் தெரியாது. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கோதுமை அரைத்த மெஷினில் உடனே கேழ்வரகு அரைத்தால் அதுவும் கலப்படமே.

சர்க்கரைக்காரர் கணக்கு வேறு. அவருக்கு எதிரி க்ளூட்டன் இல்லை, மாவுச்சத்தின் அளவு. இங்கேதான் சிறுதானியத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊர் ஊராக ஓடுகிறது. 100 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 64 கிராம் மாவுச்சத்து. கேழ்வரகில் 67. கம்பில் 62. பச்சரிசியில் 78. கேழ்வரகில் க்ளூட்டன் இல்லை, நார்ச்சத்து கூட, சுண்ணாம்புச்சத்தோ 364 மில்லிகிராம், அரிசியைப்போலப் பல மடங்கு. அதெல்லாம் உண்மை. ஆனால் மாவுச்சத்தில் கோதுமைக்கு அது அண்ணன் தம்பி. ‘கேழ்வரகுதானே’ என்று மூன்று உருண்டை களி உருட்டிப் போட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதையே கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். களிமண் வயலைக் குதிரை வாலி போட்டு வளமாக்கிய நண்பர் ஒருவர் இதைக் கேட்டதும் என்னிடம் கோபித்துக்கொண்டார். சிறுதானியத்தின் மேல் எனக்கும் பற்று உண்டு, அதற்காக எண்ணை மாற்றிச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது.

பயறு அடை

ஏரியின் மேற்குக் கரையில் தடாவும் சூலூர்ப்பேட்டையும் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். அடுப்பும் அப்படித்தான். தெலுங்கர்கள் பெசரட்டு என்று சொல்கிற பச்சைப்பயறு அடை இங்கே சர்வசாதாரணம். பஸ்ஸில் வரும்போது பார்த்த பயறு இதுதான்.

முழுப்பயறைத் தோலோடு ராத்திரி ஊறவைத்து, காலையில் இஞ்சி, பச்சைமிளகாய், சீரகம், உப்பு சேர்த்து அரைத்துக் கல்லில் வார்க்க வேண்டியதுதான். புளிக்க வைக்க வேண்டாம். வழக்கமாக மொறுமொறுப்புக்கு ஒரு பிடி அரிசி போடுவார்கள். அந்த அரிசியை விட்டுவிடுங்கள். 100 கிராம் பயறில் மாவுச்சத்து 46 கிராம், புரதம் 22 கிராம், நார்ச்சத்து 17 கிராம். நாலைந்து அடை வரும். ஒரு அடைக்குப் பத்து கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு துண்டு பிரட்டில் 13 முதல் 15 கிராம் இருக்கிறது, அதில் யாருக்கும் ஒரு துண்டோடு வயிறு நிறைவதில்லை. இரண்டு பயறு அடை சாப்பிட்டால் மத்தியானம் வரை தாங்கும். பயறு போடுகிற விவசாயிக்கு இதில் செலவு என்று பார்த்தால் இஞ்சிதான்.

மீன் அடை

சுறாப் புட்டு கடற்கரை வீடுகளில் எல்லாம் உண்டு. வேகவைத்து உதிர்த்த மீனை வெங்காயத்தோடு வதக்குவது. அந்தப் புட்டையே முட்டை விட்டுப் பிசைந்து கல்லில் தட்டினால் அடை. கால் கிலோ சதைக்கு முட்டை இரண்டு, துருவிய தேங்காய் மூன்று ஸ்பூன், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், மிளகுத்தூள், கறிவேப்பிலை, உப்பு. மாவு ஒரு சிட்டிகைகூட வேண்டாம், முட்டைதான் பிடிமானம். தீயைக் குறைத்து, மூடிபோட்டு வேகவிட்டு, அடிப்பக்கம் சிவந்த பிறகுதான் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் உடைந்துவிடும். மெல்லிசாகத் தட்டாமல் கனமாகத் தட்டினால், நடுவில் பச்சைமிளகாய்ச் சட்னி தடவி இரண்டை ஒட்டிவைத்துச் சாப்பிடலாம்.

கொடுவா விலை அதிகம். மடவை போதும். ஆவியில் வேகவைத்தால் முள் தனியாகக் கழன்று வரும், குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் விரலால் இரண்டு தரம் தடவிப் பார்த்துவிடுங்கள். கொடுக்கு உடைந்து விலைபோகாத நண்டின் சதையைச் சேர்த்தால் ருசி தூக்கும். கடலில் இருந்து தள்ளி இருக்கிறவர்கள் குளத்துக் கெண்டையிலும் செய்யலாம், முள் எடுக்கிற பொறுமை இருந்தால். கருவாட்டில் செய்ய ஆசைப்படாதீர்கள். உப்பு மிஞ்சும். சர்க்கரையோடு ரத்தக்கொதிப்பும் இருக்கிறவர்களுக்கு அது ஆகாது.

டிபன் பாக்ஸ் ரொட்டி

துண்டு போட்டுத் தோசைக்கல்லில் வாட்டித் தின்னவேண்டும், அப்போதுதான் பிரட் சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்கிறவர்களுக்கு நிலக்கடலை இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்து மானாவாரிக்குப் புதுசில்லாத பயிர்.

வறுத்துத் தோல் நீக்கிய கடலை 100 கிராமை மிக்ஸியில் விட்டு விட்டு அடித்துப் பொடியாக்குங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். மூன்று முட்டையை நுரைக்க அடித்து, கடலைப் பொடி, உப்பு, கால் ஸ்பூன் ஆப்பசோடா, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் இசப்கோல் உமி சேர்த்துக் கலக்குங்கள். இசப்கோல் மலச்சிக்கலுக்காக மருந்துக்கடையில் விற்பதுதான். தண்ணீரை உறிஞ்சி வழவழப்பாகி, க்ளூட்டன் செய்கிற வேலையை ஓரளவு செய்கிறது. எண்ணெய் தடவிய டிபன் பாக்ஸில் பாதி அளவுக்கு ஊற்றி, இட்லிப் பானையில் 25 நிமிஷம் ஆவியில் வேகவைக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகே அறுக்க வேண்டும். ஆறு துண்டு வரும். ஒரு துண்டில் மாவுச்சத்து மூன்று கிராம் அளவுதான். கோதுமை பிரட்போல மெத்தென்று இருக்காது, கேக்குக்கும் ரொட்டிக்கும் நடுவில் இருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மீன் குழம்பில் தோய்த்துக் காலி செய்தார்கள்.

கடலையில் எண்ணெய்ச்சத்து அதிகம் என்பதால் மாவுச்சத்து குறைந்தாலும் சக்தி குறையாது. உடம்பைக் குறைக்க நினைப்பவர்கள் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பூஞ்சை பிடித்த கடலை, சுருங்கிக் கறுத்த பருப்பு, மாட்டுக்கு வாங்கிய பிண்ணாக்கு எதையும் இதற்குத் தொடக் கூடாது. ஈரத்தில் கிடந்த கடலையில் வருகிற அஃப்ளாடாக்சின் நஞ்சு வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும்.

பனை இருக்கிறது, ஒடியல் இல்லை

பழவேற்காட்டுப் பெண்கள் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் முடைவதில் கைதேர்ந்தவர்கள். தைப் பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு வேகாத வீடு குறைவு. இதே பனையும் இதே நண்டும் இருக்கிற யாழ்ப்பாணத்தில், கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்து ‘ஒடியல்’ ஆக்கி, மாவு அரைத்துப் புட்டு அவிக்கிறார்கள். நண்டு, இறால், மீன் போட்ட ஒடியல் கூழ் அங்கே விருந்துச் சாப்பாடு. மாவின் கசப்புப் போகத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு இது நல்ல மாற்று. சர்க்கரைக்காரருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன், கிழங்கு முழுக்க மாவுதான். ஆனால் கூழில் மாவு கொஞ்சம், மீன் நிறைய என்று போட்டால் அவரும் ஒரு கிண்ணம் குடிக்கலாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சோற்றையும் பிரட்டையும் திடீரென்று பாதியாகக் குறைத்தால், மருந்து அதே அளவில் இருக்கும்போது சர்க்கரை கீழே இறங்கி மயக்கம் வரும். நடுத்தண்ணீரில் படகில் இருக்கிற ஆளுக்கு அது உயிர் ஆபத்து. டாக்டரிடம் சொல்லி மருந்தைச் சரிசெய்துகொண்டு குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் பயறும் மீனும் முட்டையும் எவ்வளவு சாப்பிடலாம் என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும்.

கிளம்புகிற அன்று, கோட்டைக்குப்பத்தில் ஓர் அம்மா என்னிடமே கேள்வி கேட்டுவிட்டார். வீட்டுக்காரர் விடிகாலையில் படகுக்குக் கொண்டுபோக அரிசி போடாத பயறு அடை சுட்டுக் கொடுத்தாராம். எட்டு மணிக்குள் அது விறைத்து, வறட்டிபோல ஆகிவிடுகிறது, அவர் மறுபடியும் பன்னுக்கே போய்விட்டார் என்றார். அரைக்கும்போது ஒரு பிடி தேங்காய் சேர்த்து, கனமாக வார்த்து, சூடு ஆறுவதற்குள் வாழை இலையில் சுற்றச் சொல்லிவிட்டு வந்தேன். ஓரளவு தேவலாம் என்று பிறகு போனில் சொன்னார், முழுத் திருப்தி இல்லை. அடை ஆறினாலும் மெத்தென்று இருக்க உங்கள் வீட்டில் வேறு பக்குவம் இருந்தால் எழுதுங்கள், அவருக்குச் சேர்த்துவிடுகிறேன்.